முகப்புல ஜிடிஓன்னு எழுதியிருந்தா போதுமா? அக்கா சொல்ற டிப்ஸ்

தம்பி, 1964 பான்டியாக் ஜிடிஓ ஒண்ணு விலைக்கு வந்திருக்குன்னு குதிக்கிறே. சிவப்பு கலர், மூணு கார்புரேட்டர், "மொதல் மொதல்ல வந்த பேட்ச், ரொம்ப அபூர்வம்"னு விற்கிறவர் சொன்னாராம். போட்டோ பார்த்த அன்னிக்கே செக் புக்கைத் தேடுறே. அதை முதல்ல உள்ளே வை. டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனியிலேயே வேலை பார்க்கிற ஆளுங்க, கையில ஸ்பானர் பிடிக்கத் தெரிஞ்சவங்க எல்லாம் இந்த வண்டியில ஏமாந்திருக்காங்க. உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும். எதைப் பார்க்கணும், எதுல நேரத்தை வீணாக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்றேன்.

இந்த வண்டியில போலி ஏன் இவ்வளவு சுலபம்னு முதல்ல புரிஞ்சுக்கோ. அந்தக் காலத்துல ஜிஎம் கம்பெனியில ஒரு விதி இருந்தது. நடுத்தர அளவு கார்ல 330 கன அங்குலத்துக்கு மேல என்ஜின் போடக் கூடாது. பான்டியாக் பிரிவுல ஜான் டிலோரியனும் அவரோட இன்ஜினியர்களும் அதுக்கு ஒரு சந்து கண்டுபிடிச்சாங்க. புது மாடல்னாதான் தலைமையகத்துல கேட்கணும், இருக்கிற காருக்கு 'ஆப்ஷன்'னு போட்டா கேட்க வேண்டாம். அதனால டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரை எடுத்து, பெரிய கார்ல போடுற 389 கன அங்குல என்ஜினை அதுல இறக்கி, சுமார் 296 டாலர் கூடுதல்னு விலை வச்சாங்க. அதுதான் ஜிடிஓ. விற்பனைப் பிரிவு 5,000 வண்டிக்கே தயங்கினாங்க. முதல் வருஷமே 32,450 வண்டி போச்சு. தனி மாடலா ஆனது 1966-லதான்.

இதுல உனக்கு என்ன விஷயம்? 1964-ல லெமான்ஸும் ஜிடிஓவும் ஒரே உடம்பு. சாதா லெமான்ஸ் ஒண்ணை வாங்கி, பானட்டை மாத்தி, பெயர்ப் பட்டையை ஒட்டி, பழைய 389 ஒண்ணை உள்ளே தள்ளினா, பார்வைக்கு ஜிடிஓ ரெடி. செய்யறதும் ஒண்ணும் கஷ்டமில்லை. உதிரி பாகம் எல்லாமே கடையில புதுசா கிடைக்குது.

1. வின் நம்பரைப் பார், ஆனா அதோட நிறுத்தாதே

வின்னுன்னா வண்டியோட அடையாள எண். அதை இப்படிப் படி. முதல் எண் 8-ஆ இருக்கணும். அது எட்டு சிலிண்டர்னு அர்த்தம். 6-னு ஆரம்பிச்சா ஆறு சிலிண்டர் வண்டி, பேச்சை அங்கேயே முடிச்சுட்டு வீட்டுக்கு வா. ரெண்டாவது எண் 2, லெமான்ஸ் வரிசை. மூணாவது 4, வருஷம். அடுத்து ஆலையோட எழுத்து. 'பி'ன்னா மிச்சிகன்ல பான்டியாக் நகரத்து ஆலை. அப்புறம்தான் வரிசை எண்.

சரி, 824-னு ஆரம்பிக்குது. அதனால ஜிடிஓன்னு ஆயிடுமா? ஆகாது. 326 என்ஜினோட வந்த சாதா லெமான்ஸுக்கும் அதே 824-தான். நம்பர் "இருக்கலாம்"னு சொல்லும், "ஆமா"ன்னு சொல்லாது. 242-னு ஆரம்பிச்சா ஜிடிஓ நிச்சயம்னு யாராவது உனக்குச் சொல்லியிருப்பாங்க. அது 1966-லிருந்து வந்த வண்டிக்கு. 64-க்கு அதைப் பேசுறவருக்கு ஒண்ணு விஷயம் தெரியலை, இல்லை உனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறார்.

இன்னொண்ணு. இன்டர்நெட்ல காசு கட்டி எடுக்கிற வண்டி வரலாறு ரிப்போர்ட் இருக்கே, அதுல பணத்தைப் போடாதே. 17 இலக்க நம்பர் முறை 1981 மாடல்லேருந்துதான் வந்தது. பழைய குட்டை நம்பரை அதுல போட்டா ஒண்ணும் வராது. "ரிப்போர்ட் க்ளீன்"னு விற்கிறவர் சொன்னா சிரிச்சுட்டு நகரு.

2. "மொதல் பேட்ச்" பேச்சுக்கு மயங்காதே

வரிசை எண் சின்னதா இருந்தா "இது இத்தனாவது ஜிடிஓ"ன்னு கதை கட்டுவாங்க. அந்த எண் ஜிடிஓவுக்குன்னு தனியா ஓடலை. ஆலையில அந்த வரிசையில போன டெம்பெஸ்ட், லெமான்ஸ், ஜிடிஓ எல்லாத்துக்கும் சேர்ந்தே ஓடுச்சு. சின்ன எண்ணுன்னா சீக்கிரம் செஞ்ச வண்டி, அவ்வளவுதான். எத்தனாவது ஜிடிஓன்னு அதை வச்சு யாரும் சொல்ல முடியாது.

சீக்கிரம் செஞ்சதுன்னு உண்மையிலேயே தெரியணுமா? பானட்டைத் திறந்து, என்ஜினுக்குப் பின்னாடி சுவர்ல இருக்கிற சின்னத் தகட்டைப் பாரு. பாடி செஞ்ச ஃபிஷர் கம்பெனி வச்சது. அதுல மாசமும் வாரமும் இருக்கும். 10பி-ன்னா அக்டோபர் ரெண்டாவது வாரம். அக்டோபர் எந்த வருஷம்? 1963. மாடல் வருஷம் முந்தின வருஷக் கடைசியிலேயே ஆரம்பிச்சிடும். இதை 1964 அக்டோபர்னு படிச்சு, "தேதி தப்பா இருக்கு"ன்னு நல்ல வண்டியை விட்டவங்களும் உண்டு. நீ அந்தக் கூட்டத்துல சேராதே.

அதே தகட்டுல ஸ்டைல் நம்பர் இருக்கும். 2227-ன்னா கூபே, 2237 ஹார்ட்டாப், 2267 மேல்துணி மடக்குற கன்வெர்ட்டிபிள். வண்டி கன்வெர்ட்டிபிள், தகடு 2227-ன்னா மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்க வேண்டாம். கூபே 7,384, ஹார்ட்டாப் 18,422, கன்வெர்ட்டிபிள் 6,644-ன்னு செஞ்சாங்க. அதனால ஜிடிஓன்னாலே அபூர்வம்னு நினைக்காதே. எந்த பாடி, எந்த என்ஜின், எந்த கியர்பாக்ஸ் சேர்ந்து வந்ததுங்கிறதுலதான் அபூர்வமும் விலையும்.

3. பிஎச்எஸ் பேப்பரை நீயே வரவழை

இதை மட்டும் ரெண்டு தடவை படி. பான்டியாக் வண்டி வாங்கறவங்களுக்கு இருக்கிற பெரிய அதிர்ஷ்டம் இது. பான்டியாக்கை ஜிஎம் 2010-ல மூடிட்டாலும், 1961-லேருந்து வந்த வண்டிகளோட ஆலைப் பதிவு மைக்ரோஃபிலிம்ல தங்கிடுச்சு. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ், சுருக்கமா பிஎச்எஸ், வின் நம்பரும் கட்டணமும் அனுப்பினா அந்த வண்டியோட பில்லிங் கார்டு நகலைக் கொடுப்பாங்க. என்ன என்ஜின், என்ன ஆப்ஷன், எந்த டீலருக்குப் போச்சு, எல்லாம் அதுல இருக்கும். ஜிடிஓ ஆப்ஷனோட எண் 382. அது கார்டுல இருந்தா அந்த நம்பர் ஜிடிஓவா பிறந்தது. இல்லைன்னா முகப்புல எத்தனை பட்டை ஒட்டினாலும் லெமான்ஸ்தான்.

இங்கே எல்லாரும் பண்ற தப்பு: விற்கிறவர் பிளாஸ்டிக் உறையில போட்டுக் காட்டுற பிஎச்எஸ் நகலைப் பார்த்து மனசு நிறைஞ்சுடறது. நகலோட நகலை யார் வேணும்னாலும் கம்ப்யூட்டர்ல திருத்தலாம். வேற வண்டியோட நல்ல பேப்பர்ல இந்த நம்பரை ஒட்டி எடுக்க அரை மணி நேரம் போதும். அவர் பேப்பரைப் பார்த்துத் தலையாட்டு, ஆனா வண்டியில இருக்கிற நம்பரை உன் கையால எழுதிக்கிட்டு வந்து, உன் பேர்ல, உன் காசுல வரவழை. வண்டி விலைக்கு முன்னாடி அந்தக் கட்டணம் ஒரு காசே இல்லை. "நான்தான் வச்சிருக்கேனே, எதுக்கு மறுபடியும்?"னு அவர் கோபப்பட்டா, அதுவே ஒரு பதில்.

அழகா, பளபளன்னு இருக்கிற விலைச் சீட்டு ஜன்னல்ல ஒட்டியிருந்தா ரசிச்சுக்கோ. புதுசா அச்சடிச்சு விற்கிறாங்க, சாட்சிக்கு உதவாது.

4. பேப்பர் நம்பருக்குச் சாட்சி, வண்டிக்கு இல்லை

பிஎச்எஸ் சரியா வந்துடுச்சுன்னு லட்டு பிடிக்காதே. அந்த நம்பர் ஜிடிஓன்னு தெரிஞ்சுது. உன் முன்னாடி நிக்கிற இரும்பு அந்த நம்பரோடதுதானா? துருப்பிடிச்சுச் செத்துப்போன நிஜ ஜிடிஓவோட நம்பர் தகட்டைக் கழற்றி, நல்லா இருக்கிற லெமான்ஸ்ல வச்சு விற்கிறது பழைய தொழில். ரேஷன் கார்டு ஒருத்தர் பேர்ல, அரிசி வாங்கறது இன்னொருத்தர்ங்கிற கதைதான்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திற. கதவு கீல் மாட்டியிருக்கிற தூண்ல தகடு இருக்கும். கண்ணாடி வழியா டாஷ்போர்டுல பார்க்கிற வழக்கம் 1968-லதான் வந்தது, அங்கே தேடாதே. தகட்டைச் சுத்தி பெயின்ட் உடைஞ்சிருக்கா, கீறல் இருக்கா, பக்கத்துல வெல்டிங் தெரியுதான்னு டார்ச் அடிச்சுப் பார். அப்புறம் வண்டியை லிஃப்ட்ல ஏத்தச் சொல்லு. ஃபிரேம்லயும் நம்பர் அடிச்சிருப்பாங்க, பெரும்பாலும் ஓட்டுநர் பக்கத்துத் தண்டோட மேல்பக்கம். பாடி மேலேயே உட்கார்ந்திருக்கிறதால கண்ணால பார்க்கிறது கஷ்டம். சின்னக் கண்ணாடியோ, போன்ல மாட்டுற குழாய் கேமராவோ கொண்டு போ. அழுக்கை ஆணியால சுரண்டாதே, நம்பரே போயிடும். கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், கெரசின் துணியால துடை.

மூணு இடமும் ஒத்துப்போகணும்: கதவுத் தூண், ஃபிரேம், டைட்டில். டைட்டில்னா நம்ம ஊர் ஆர்சி புக் வேலையைச் செய்யற பத்திரம். ஒரு எண் மாறியிருந்தாலும் "டைப்பிங் மிஸ்டேக்"ங்கிற சமாதானத்தை வாங்கிக்காதே. தகடு மாத்தின வண்டின்னு அங்கே போலீஸ் கண்டுபிடிச்சா, மாத்தினவன் எங்கேயோ இருப்பான், பறிபோறது உன் வண்டி.

5. தேதிக் கணக்கு

கைகாரங்க தகடு மாத்துவாங்க, பெயின்ட் மாத்துவாங்க, தேதியை மட்டும் மறந்துடுவாங்க. என்ஜின் பிளாக்கை வார்க்கும்போதே ஒரு எழுத்தும் எண்களும் சேர்ந்து வரும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்துல தேடு. எச்213-ன்னா எட்டாவது எழுத்து, ஆகஸ்ட், 21-ஆம் தேதி, 1963. அந்த பிளாக், அக்டோபர்ல பாடி செஞ்ச வண்டியில இருந்தா பொருத்தம். பிளாக் 1964 மார்ச்ல வார்த்தது, பாடி 1963 அக்டோபர்ல செஞ்சதுன்னா, பிறக்காத என்ஜினை எப்படி மாட்டினாங்க? விற்கிறவர்கிட்டயே கேளு.

வார்த்ததுக்கும் வண்டி முடிஞ்சதுக்கும் நடுவுல சில வாரம், ஒண்ணு ரெண்டு மாசம் இருக்கறது சகஜம். ஒரு வருஷம் இடைவெளின்னா வேற வண்டி என்ஜின். இந்தக் கணக்கை சிலிண்டர் ஹெட், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாத்துலயும் போடு. "ஆரம்ப கால வண்டி"ன்னு விலை சொல்றவர்கிட்ட இதை இன்னும் கறாரா போடணும். மொதல்ல வந்த வண்டியில மொதல்ல வார்த்த பாகம்தான் இருக்கணும்.

6. என்ஜின் நம்பர்

"மேட்சிங் நம்பர்ஸ்"னு விளம்பரத்துல கொட்டை எழுத்துல போடுவாங்க. 1964 பான்டியாக் என்ஜின்ல வின் நம்பர் அடிக்க மாட்டாங்க, தெரியுமா? தனி வரிசை எண் ஒண்ணு இருக்கும், அதோட ஒரு குறியீடு. பயணி பக்கம், பிளாக்கோட முன்பக்கம், ஹெட்டுக்குக் கீழே பாரு. 325 குதிரைத்திறன் கையால மாத்துற கியர்னா 78எக்ஸ், ஆட்டோமேட்டிக்னா 79ஜே. மூணு கார்புரேட்டர் 348 குதிரைத்திறன்னா 76எக்ஸ், 77ஜே. வேற குறியீடு இருந்தா, கேட்டலினா, பானவில் மாதிரி பெரிய கார்லேருந்து இறக்கின 389-ஆ இருக்கும். அது நிறைய கிடைக்குது.

அந்த வரிசை எண்ணை பிஎச்எஸ் பில்லிங் கார்டுல இருக்கிறதோட ஒப்பிடு. ரெண்டும் ஒண்ணுன்னாதான் அந்த என்ஜின் அந்த வண்டியோடது. "வின்னும் என்ஜினும் மேட்சிங்"னு ஒருத்தர் 64 வண்டிக்குச் சொன்னா, அவர் எதை எதோட ஒப்பிட்டார்னு கேளு. பதில் வராது. எண் அடிச்ச இடம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தா, பழையதைத் தேய்ச்சுட்டுப் புதுசா அடிச்சிருக்காங்க. ஆலையில இழைச்ச பரப்புல மெல்லிய கோடு கோடா இருக்கும்.

7. அவசரத்துல இருக்கியா? அஞ்சு நிமிஷத்துல இதைப் பாரு

- முன் சக்கரத்துல டிஸ்க் பிரேக். ஜிடிஓவுக்கு 1967-லதான் வந்தது. பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனா ஒரிஜினல் விலை கேட்கக் கூடாது.
- மூணு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதுவும் 1967. 64-ல ஆட்டோமேட்டிக்னா ரெண்டு வேகம்தான்.
- மூணு கார்புரேட்டர் செட்டு 65, 66 வண்டியோடதா? 1965-ல ஹெட்டும் இன்டேக்கும் மாறிடுச்சு, பழசும் புதுசும் ஒண்ணோட ஒண்ணு சேராது. ஹெட்டுல 716-ங்கிற எண்ணைத் தேடு.
- பானட்டுல ரெண்டு காத்துத் துவாரம். ஒரிஜினல்லயும் அது சும்மா அலங்காரம்தான், அடைச்சுதான் இருக்கும். அதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதே.
- டிக்கித் தரை, பின்பக்க மட்கார்டோட அடிப்பகுதி. காந்தத்தை மெல்லிய துணியில சுத்திக் கொண்டு போ. ஒட்டலைன்னா உள்ளே இரும்பு இல்லை, பட்டி. டிங்கரிங் செலவைக் கேட்டா மயக்கம் வரும்.

பக்கவாட்டுல "6.5 லிட்டர்"னு பட்டை இருக்கும். 389 கன அங்குலம்னா கணக்குப்படி 6.4-கூட முழுசா வராது. கம்பெனியே கொஞ்சம் கூட்டித்தான் எழுதிச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு சண்டைக்குப் போகாதே.

8. கதையைக் கேளு, காசு கொடுக்காதே

"ஒரே ஓனர், தாத்தா வண்டி", "ராயல் பாப்கேட் வண்டி". ராயல் பாப்கேட்னா, மிச்சிகன் ராயல் ஓக் ஊர்ல இருந்த ராயல் பான்டியாக் டீலர் வேகத்துக்காக வேலை செஞ்சு கொடுத்த வண்டி. அது டீலர் கடையில நடந்த வேலை, ஆலைப் பேப்பர்ல வராது. அதே சாமானைப் பெட்டியில போட்டு தபால்லயும் வித்தாங்க. அந்தக் காலத்து ரசீது இல்லாம பாப்கேட்டுக்குன்னு ஒரு டாலர்கூட ஏத்தாதே.

பத்திரிகையில வந்ததுன்னு சொன்னாலும் மயங்காதே. 1964 மார்ச்ல கார் அண்ட் டிரைவர் பத்திரிகை ஜிடிஓவை ஓட்டிப் பார்த்து ஆகா ஓகோன்னு எழுதிச்சு. அந்த வண்டியில இருந்தது 389 இல்லை, 421 என்ஜின்னு விளம்பரப் பொறுப்புல இருந்த ஜிம் வேங்கர்ஸே பல வருஷம் கழிச்சு ஒத்துக்கிட்டார். பிறந்த வருஷமே இந்த வண்டி பேர்ல பித்தலாட்டம் நடந்திருக்கு. உன்கிட்ட நடக்காதா?

தாத்தா கதை நிஜம்னா பேப்பர் இருக்கும். பழைய இன்சூரன்ஸ் சீட்டு, சர்வீஸ் பில், வாசல்ல நிறுத்தி எடுத்த கருப்பு வெள்ளை போட்டோ. பழைய ஓனர் பேரை மோட்டார் வாகன ஆபீஸ்ல கேட்டு வாங்கிடலாம்னு நினைக்காதே. 1994-ல போட்ட தனியுரிமைச் சட்டம் அதுக்குத் தடையா நிக்குது. ஓனர் சங்கிலியை இந்தச் சில்லறைப் பேப்பர்லதான் கோர்க்கணும்.

9. டைட்டில்

விற்கிறவர் பேரும் டைட்டில்ல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும். "மச்சான் பேர்ல இருக்கு, அவன் கையெழுத்துப் போட்டுட்டான்" எல்லாம் கேட்காதே. நியூயார்க்ல 1972-க்கும் அதுக்கு முந்தின மாடலுக்கும் டைட்டிலே கொடுக்க மாட்டாங்க, பதிவுச் சீட்டுதான். அது சந்தேகப்பட வேண்டிய விஷயம் இல்லை. வெர்மான்ட் பேப்பர் இருந்தா மட்டும் ரெண்டு கேள்வி அதிகமா கேளு. அந்த ஊர்ல வசிக்காதவங்களும் தபால்லயே பழைய வண்டியைப் பதிவு செய்யலாம்னு 2023 வரைக்கும் வழி திறந்திருந்தது. பேப்பர் தொலைச்சவங்களும் அதுல போனாங்க, பேப்பரே இல்லாதவங்களும் போனாங்க.

10. ஆளை வை

உன் மெக்கானிக் நண்பன் வேண்டாம். அவனுக்கு என்ஜின் ஓடுதான்னு தெரியும், 64 ஜிடிஓவான்னு தெரியாது. ஜிடிஓ அசோசியேஷன் ஆஃப் அமெரிக்காவுக்கும் பான்டியாக்-ஓக்லண்ட் கிளப்புக்கும் எழுது. இந்த ஒரு வருஷ வண்டியையே கரைச்சுக் குடிச்சவங்க அங்கே இருக்காங்க. விற்கிறவர் சிபாரிசு பண்ற நிபுணரைக் கூப்பிடவே கூடாது.

"ஜிடிஓ இவ்வளவு தொல்லைன்னா வேற வண்டி பார்க்கிறேன்"னு கிளம்பாதே. ஃபோர்டுக்கு மார்ட்டி ரிப்போர்ட் இருக்கு, ஆனா 1967-லேருந்துதான். 1964-ல வந்த முதல் மஸ்டாங்குக்கு அது கிடையாது. கிரைஸ்லர் வண்டின்னா ஆலையில போட்ட தாளை சீட்டு ஸ்பிரிங்குக்குள்ளே தேடணும், எலி விட்டுவச்சிருந்தா உண்டு. அமெரிக்காவுல வித்த பழைய ஷெவர்லேக்கு நம்பர் கொடுத்தா பதில் சொல்ற ஆலைப் பதிவு இல்லை. கனடாவுல வித்ததுன்னா ஜிஎம் கனடா கொடுக்கும். உன் வண்டிக்கு பேப்பர் இருக்கு, அதை வாங்கத்தான் உனக்குச் சோம்பல்.

இன்னிக்கு ராத்திரியே வின் நம்பரை வாங்கி பிஎச்எஸ்ஸுக்கு அனுப்பு. பதில் வர்ற வரைக்கும் அட்வான்ஸ், டோக்கன், நம்பிக்கைக்கு நூறு டாலர், எதுவும் கிடையாது. "வேற ஒருத்தர் பணத்தோட காத்திருக்கார்"னு விற்கிறவர் சொன்னா, தாராளமா அவருக்கே கொடுத்துடச் சொல்லு.